மேசையில் ஓடும், தரையில் நிற்கும்: ஒரு லைன் ஃபாலோயர் ரோபோவின் நிகழ்வு ஆய்வு

வண்டியும் அதன் குறையும்

வெள்ளைத் தரையில் ஒட்டிய கறுப்பு டேப்பைப் பிடித்துக்கொண்டு போகும் லைன் ஃபாலோயர்தான் வீட்டில் ரோபோ செய்யத் தொடங்கும் பலருக்கும் முதல் வண்டி. இங்கே எடுத்துக்கொண்டதும் வழக்கமான கிட்தான்: இரண்டடுக்கு அக்ரிலிக் தட்டு, 1:48 கியர் கொண்ட மஞ்சள் பி.ஓ. மோட்டார் நான்கு, 65 மி.மீ. சக்கரங்கள், மோட்டார்களுக்குக் கரண்ட் விடும் எல்298என் டிரைவர் மாட்யூல், புரோகிராமை ஓட்டும் சிறு பலகையாக ஆர்டுயினோ ஊனோவின் நகல் போர்டு, மூன்று அகச்சிவப்பு சென்சார் மாட்யூல், ஒரு 9 வோல்ட் பேட்டரி.

பேட்டரியின் இரு வயர்களும் எல்298என் மாட்யூலின் 12 வோல்ட் திருகு முனைக்கும் கிரவுண்டுக்கும் போகின்றன. மாட்யூலிலேயே இருக்கும், வோல்டேஜை நிலையாக வைக்கும் 78எம்05 ரெகுலேட்டர் தரும் 5 வோல்ட், ஊனோவின் 5 வோல்ட் முனைக்கும் அங்கிருந்து சென்சார்களுக்கும் போகிறது. இடப்பக்க மோட்டார் இரண்டும் டிரைவரின் ஒரு வெளியீட்டுச் சேனலில், வலப்பக்கத்தவை இரண்டும் மற்றொரு சேனலில். கிட்டுகளோடு வரும் இணைப்புப் படங்களில் அடிக்கடி தென்படும் அமைப்பு இது.

யூஎஸ்பி கேபிளைச் செருகி, வண்டியை ஒரு டப்பா மேல் தூக்கி வைத்தால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. சென்சாருக்கு அடியில் டேப்பை நகர்த்தினால் அந்தந்தப் பக்கத்துச் சக்கரம் நிற்கிறது, மறுபடி சுற்றுகிறது. கேபிளைக் கழற்றித் தரையில் விட்டால் ஒரு சாண் தூரம் போகிறது, உதறுகிறது, நிற்கிறது, மறுபடி உதறுகிறது. சில நேரம் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் சுற்ற, வண்டி நின்ற இடத்திலேயே வட்டமடிக்கிறது. பேட்டரியோ புதிது. மல்டிமீட்டரை வைத்தால் 9 வோல்ட்டுக்கு மேலேயே காட்டுகிறது.

இந்த நிலையில் எல்லாரும் முதலில் கை வைப்பது புரோகிராமில். பிறகு சென்சாரின் திருகை அப்படியும் இப்படியும் திருப்புவார்கள். அதற்கும் மசியவில்லை என்றால் ஊனோ போர்டே மாறும். மூன்றும் வீண் வேலை. மேசையில் சரியாக ஓடிய புரோகிராம் தரையில் கெட்டுப்போகாது. மேசைக்கும் தரைக்கும் இடையில் மாறியவை இரண்டே: கரண்ட் வரும் வழி, மோட்டார் இழுக்கும் பளு.

வோல்டேஜ் எங்கே போகிறது

நின்றுகொண்டிருக்கும் மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் அந்தக் கணத்தில் அது வெறும் செப்புச் சுருள்தான். சுழலத் தொடங்கிய பிறகே எதிர் மின்னழுத்தம் உருவாகிக் கரண்ட்டைக் குறைக்கும். பி.ஓ. மோட்டார் 6 வோல்ட்டில் பளு இல்லாமல் சுற்றும்போது எடுப்பது ஏறக்குறைய 160 மில்லிஆம்பியர். அதே மோட்டார் அசையாமல் நின்றால் ஒன்றரை ஆம்பியர் வரை இழுக்கும். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் சில கணங்களுக்கு இந்த இரண்டாவது கணக்குதான். அதாவது ஒரு மோட்டாரைக் கிளம்பும் கணத்தில் 4 ஓம் தடை என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு சேனலில் இரண்டு இணையாக இருப்பதால் 2 ஓம். இரு சேனலும் சேர்ந்து 1 ஓம்.

அடுத்தது எல்298என். அதன் உள்ளே இருப்பவை பழைய வகை இருமுனை டிரான்சிஸ்டர்கள். 1 ஆம்பியர் போகும்போது மேல் டிரான்சிஸ்டரில் 1.35 வோல்ட்டும் கீழ் டிரான்சிஸ்டரில் 1.2 வோல்ட்டும் விழும் என்று டேட்டாஷீட் சொல்கிறது. இரண்டும் சேர்ந்து இரண்டரை வோல்ட்டுக்கு மேல் மோட்டாரை எட்டாமலேயே வெப்பமாகப் போய்விடுகிறது. டிரைவர் மேல் அவ்வளவு பெரிய அலுமினியத் தகடு நிற்பது இதனால்தான்.

மூன்றாவது பேட்டரி. 9 வோல்ட் பேட்டரி என்பது ஆறு சின்னஞ்சிறு செல்களைத் தொடராக அடுக்கியது. புதிய ஆல்கலைன் பேட்டரிக்கே உள்தடை 2 ஓம் அளவில் இருக்கும். விலை மலிவான கார்பன்-ஜிங்க் வகையில் அது இன்னும் பல மடங்கு.

இப்போது கூட்டிப் பார்க்கலாம். 9-லிருந்து டிரைவரின் 2.5 போனால் 6.5 வோல்ட். அதை 2 ஓம் பேட்டரியும் 1 ஓம் மோட்டார்களும் சேர்ந்த 3 ஓமால் வகுத்தால் ஏறத்தாழ 2.2 ஆம்பியர். அந்தக் கரண்ட் போகும்போது பேட்டரிக்குள்ளேயே 4.4 வோல்ட் விழும். முனைகளில் மிஞ்சுவது 4.6. 78எம்05 சரியாக வேலை செய்ய வெளியீட்டைவிட 2 வோல்ட் கூடுதலாக உள்ளே வர வேண்டும். 4.6 கொடுத்தால் வெளியே வருவது 2.6 வோல்ட் அளவுதான்.

ஊனோவில் இருக்கும் ஏடிமெகா328பி சிப்பில் பிரவுன்-அவுட் காவல் ஒன்று உண்டு. வோல்டேஜ் ஓர் எல்லைக்குக் கீழே இறங்கினால் சிப் தன்னைத்தானே ரீசெட் செய்துகொள்ளும். ஊனோவில் அந்த எல்லை 2.7 வோல்ட். 2.6 அதற்குக் கீழே. சிப் ரீசெட் ஆகிறது, மோட்டார் நிற்கிறது, பளு போனதும் பேட்டரி மீள்கிறது, சிப் விழிக்கிறது, புரோகிராம் முதலிலிருந்து தொடங்கி மோட்டாரை ஓட்டுகிறது, வோல்டேஜ் மறுபடி விழுகிறது. வண்டி உதறுவது இந்தச் சுற்றுதான்.

வட்டமடிப்பதற்குக் காரணம் இதைவிட நுட்பமானது. 16 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இந்தச் சிப் நம்பகமாக ஓட 3.8 வோல்ட் அளவாவது வேண்டும். காவல் விழித்துக்கொள்வதோ 2.7-ல். இடைப்பட்ட 1.1 வோல்ட் ஒரு பொறுப்பற்ற பிரதேசம்: சிப் ரீசெட்டும் ஆகாது, கட்டளைகளைச் சரியாக நிறைவேற்றும் என்ற உத்தரவாதமும் கிடையாது. சென்சாரும் கூடவே ஏமாற்றும். அதன் அகச்சிவப்பு எல்இடி 1.2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். தொடரில் இருக்கும் தடை 150 ஓம் என்று கொண்டால், 5 வோல்ட்டில் 25 மில்லிஆம்பியர் போன எல்இடிக்கு 4 வோல்ட்டில் 19-க்குச் சற்றுக் குறைவாகத்தான் போகும். ஒளி நான்கில் ஒரு பங்கு குறைகிறது. ஒப்பிட்டுப் பார்க்கும் எல்எம்393-இன் எல்லையோ ஐந்தில் ஒரு பங்குதான் குறைகிறது. மயிரிழையில் திருகி வைத்த சென்சாருக்கு இந்த வித்தியாசம் போதும், வெள்ளைத் தரையைக் கறுப்பு என்று சொல்லிவிடும். பார்ப்பவர் சென்சார் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவதில் வியப்பில்லை.

கேபிள் செருகியிருக்கும்போது ஏன் நோய் தெரியவில்லை என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. 5 வோல்ட் தடத்தை லேப்டாப் தாங்கிக்கொள்கிறது. பேட்டரி எவ்வளவு தொய்ந்தாலும் சிப்புக்குத் தெரியாது. ஊனோ அனுப்பும் செய்திகளைக் கம்ப்யூட்டரில் காட்டும் சீரியல் மானிட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு ரீசெட்டைத் தேடினால் கிடைக்காது. தேடுவதற்காகச் செருகிய கேபிளே நோயை மறைத்துவிடும்.

உறுதிப்படுத்தும் சோதனைகள்

கணக்கு எவ்வளவு பொருந்தினாலும் வண்டியிடமே கேட்டுவிடுவது நல்லது. செலவில்லாத மூன்று சோதனைகள்.

முதலாவது, புரோகிராமின் தொடக்கப் பகுதியில் 13-ஆம் முனை எல்இடியை 100 மில்லிவினாடி இடைவெளியில் மூன்று முறை மினுக்கும் வரிகளைச் சேர்ப்பது. தொடக்கப் பகுதி ரீசெட் ஆனால் மட்டுமே மறுபடி ஓடும். ஓட்டத்துக்கு நடுவே அந்த மும்மினுக்கல் தெரிந்தால் ரீசெட் உறுதி. தெரியாமலே வண்டி தடுமாறினால் வேறு காரணம் தேட வேண்டும்.

இரண்டாவது, மின்சாரத்தைப் பிரிப்பது. எல்298என்-இலிருந்து ஊனோவுக்குப் போகும் 5 வோல்ட் வயரை மட்டும் கழற்றிவிட்டு, ஊனோவை ஒரு பவர் பேங்கிலிருந்து யூஎஸ்பி வழியாக ஓட்டலாம். பவர் பேங்கை வண்டி மேலேயே ரப்பர் பேண்டால் கட்டிவிடலாம். மோட்டாருக்கு அதே 9 வோல்ட் பேட்டரி. கிரவுண்டு வயரைக் கழற்றக் கூடாது. அது பொதுவாக இல்லாவிட்டால் டிரைவருக்கு எந்தக் கட்டளையும் போய்ச் சேராது. இப்படிச் செய்ததும் உதறல் நின்று, வண்டி மெதுவாகவாவது கோட்டைப் பிடித்துக்கொண்டு போனால் மின்சாரமே குற்றவாளி. சில பவர் பேங்குகள் 50 மில்லிஆம்பியர் போன்ற சிறு கரண்ட்டைக் கவனிக்காமல் சில வினாடிகளில் தாமாகவே அணைந்துவிடும். அதை வண்டியின் கோளாறு என்று எண்ணிவிடக் கூடாது.

மூன்றாவது, சிப்பே தன் வோல்டேஜை அளப்பது. ஏடிமெகா328பி-க்குள் 1.1 வோல்ட் உள் ஒப்பளவு இருக்கிறது. 5 வோல்ட்டை 1023 என்ற எல்லையாக வைத்து அந்த 1.1-ஐ அளந்தால் 225 என்ற எண் கிடைக்கும். வழங்கும் வோல்டேஜ் 4.5-க்கு இறங்கினால் அது 250 ஆக ஏறும். 250-ஐத் தாண்டினால் ஓர் எல்இடியை எரியவிட்டு, அணைக்காமல் விட்டுவிடும்படி எழுதினால் போதும். உள் ஒப்பளவு சிப்புக்குச் சிப் 1.0 முதல் 1.2 வரை மாறும் என்பதால், கேபிளில் ஓடும்போது வரும் எண்ணை முதலில் குறித்துக்கொண்டு அதில் பத்தில் ஒரு பங்கு கூட்டி எல்லையாக வைக்க வேண்டும்.

மல்டிமீட்டர் இந்த வேலைக்குச் சரிவராது. சாதாரண மீட்டர் ஒரு வினாடிக்கு இரண்டு மூன்று முறைதான் எண்ணைப் புதுப்பிக்கும். வோல்டேஜ் சரிவதும் மீள்வதும் அதற்குள் முடிந்துபோகும். பளு இல்லாமல் பேட்டரி முனையில் 9 வோல்ட் காட்டியதும் அந்த வகையில் பொய்த் தகவல்தான். பேட்டரியைப் பளுவோடுதான் அளக்க வேண்டும்.

கெபாசிட்டர் போட்டால் தீருமா

“1000 மைக்ரோஃபாரட் ஒன்று போடுங்கள், சரியாகிவிடும்” என்பது இந்த நோய்க்குக் கைவைத்தியம் போல எல்லாரும் சொல்லும் யோசனை. கணக்கு அதற்கு இடம் கொடுக்கவில்லை. 2 ஆம்பியர் பற்றாக்குறையை அந்தக் கெபாசிட்டர் ஈடுகட்டினால், அதன் வோல்டேஜ் 1 வோல்ட் இறங்க ஆகும் நேரம் அரை மில்லிவினாடி. மோட்டார் கிளம்பி வேகம் பிடிக்கப் பல பத்து மில்லிவினாடிகள் ஆகும். ஆகவே பேட்டரியின் பலவீனத்தைக் கெபாசிட்டரால் மூட முடியாது.

அதற்கு வேறு வேலை இருக்கிறது. மோட்டாருக்குள் பிரஷ் உரசும்போது எழும் கூரான மின் இரைச்சலை அது விழுங்கும். அதற்கு ஒவ்வொரு மோட்டார் முனைகளுக்கும் குறுக்கே 104 என்று அச்சிட்ட 100 நானோஃபாரட் செராமிக் கெபாசிட்டர் ஒன்று, மோட்டாரிலேயே சால்டர் செய்யப்பட வேண்டும். டிரைவர் பக்கத்தில் வைத்தால் நடுவில் உள்ள வயரே ஏரியலாகிவிடும். மின்வழியைப் பிரித்த பிறகும் மும்மினுக்கல் எப்போதாவது தெரிகிறது என்றால் இதுதான் அடுத்த மருந்து.

மறுகட்டுமானம்

முதலில் இரண்டு மோட்டாரைக் கழற்றுவது. நான்கு சக்கர வண்டி திரும்பும்போது சக்கரங்கள் பக்கவாட்டில் தேய்ந்தே திரும்ப முடியும். அந்தத் தேய்மானத்துக்குத்தான் கூடுதல் கரண்ட் போகிறது. கோட்டைப் பிடித்துப் போகும் வண்டியோ வினாடிக்குப் பலமுறை திரும்பிக்கொண்டே இருக்கும். முன்பக்க மோட்டார் இரண்டையும் எடுத்துவிட்டு நடுவில் ஒரு பந்துக் காஸ்டர் வைத்தால் கிளம்பும் கரண்ட் பாதியாகிறது, எடையும் குறைகிறது. கிட்டில் நான்கு இருக்கிறது என்பதற்காக நான்கையும் மாட்ட வேண்டிய அவசியமில்லை.

பேட்டரிக்கு 18650 லித்தியம்-அயான் செல் இரண்டு, தொடராக. நிறைந்தால் 8.4, வழக்கமாக 7.4 வோல்ட். ஸ்பிரிங் ஹோல்டரோடு சேர்த்தும் மொத்த உள்தடை 0.2 ஓம் அளவில் அடங்கும். 9 வோல்ட் பேட்டரியில் இருந்ததில் பத்தில் ஒரு பங்கு. 9900 மில்லிஆம்பியர்-மணி என்று அச்சிட்ட செல்களைத் தொடவே கூடாது. இந்த அளவுச் செல்லில் நல்ல தயாரிப்புகள் 3500-ஐ ஒட்டியே நிற்கின்றன. எண்ணைக் கூசாமல் அச்சிட்டவர் உள்ளே என்ன வைத்திருப்பார் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். பாதுகாப்புச் சுற்று உள்ள செல்கள் 65 மி.மீ.-க்குப் பதில் 70 மி.மீ. நீளம் வரை இருக்கும் என்பதால் சில ஹோல்டரில் நுழையாது. ஹோல்டரை வாங்கும் முன் செல்லை அளந்துவிடுங்கள். பாதுகாப்பு இல்லாத செல் என்றால் இரு செல்களுக்கான பிஎம்எஸ் எனும் பாதுகாப்புப் பலகை ஒன்று கட்டாயம். செல்லின் மேல் நேரடியாகச் சால்டர் வைக்கக் கூடாது. சார்ஜ் செய்ய ஹோல்டரிலிருந்து கழற்றித் தனிச் சார்ஜரில் போடுவதே பத்திரமான வழி. ஒற்றைச் செல்லுக்கான டிபி4056 பலகையைத் தொடரில் உள்ள இரண்டு செல்லுக்கு மாட்டுவது தீ விபத்துக்கு அழைப்பு.

ஹோல்டரின் நேர் முனையிலிருந்து 3 ஆம்பியர் ஃப்யூஸ், பிறகு சுவிட்ச், அங்கிருந்து இரண்டு கிளை. ஒரு கிளை மோட்டார் டிரைவருக்கு. இன்னொன்று எம்பி1584 பக் கன்வெர்ட்டர் மாட்யூலுக்கு. இது உள்ளே வரும் வோல்டேஜ் 8.4 ஆனாலும் 6.4 ஆனாலும் வெளியே 5 வோல்ட் தரும். வாங்கிய நிலையில் அதன் வெளியீடு எதில் வேண்டுமானாலும் நிற்கலாம். ஊனோவை இணைக்கும் முன்னரே மல்டிமீட்டரைப் பார்த்தபடி சிறு திருகைத் திருப்பி 5.0-இல் நிறுத்திவிட வேண்டும். ஊனோவின் 5 வோல்ட் முனைக்கு நேராகக் கொடுக்கும்போது போர்டின் ரெகுலேட்டர் குறுக்கே வராது, அதன் பாதுகாப்பும் கிடைக்காது. 7 வோல்ட் போனால் சிப் போயிற்று. யூஎஸ்பி கேபிளைச் செருகும்போதெல்லாம் பேட்டரி சுவிட்சை அணைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு 5 வோல்ட்டுகள் ஒரே தடத்தில் மோதும்.

டிரைவர், டிபி6612எஃப்என்ஜி. உள்ளே மாஸ்ஃபெட் என்னும் வேறு வகை டிரான்சிஸ்டர்கள். மேலும் கீழும் சேர்ந்த தடை அரை ஓம் என்பதால் 1 ஆம்பியருக்கு விழுவது அரை வோல்ட் மட்டுமே. ஒரு சேனலுக்குத் தொடர்ச்சியாக 1.2 ஆம்பியரும் கண நேரத்துக்கு 3.2 ஆம்பியரும் தாங்கும். ஒற்றை பி.ஓ. மோட்டார் கிளம்பும்போது இழுப்பது இந்த எல்லைக்குள் வரும். அவசியம் கவனிக்க வேண்டிய முனை ஸ்டேண்ட்பை. அதை 5 வோல்ட்டோடு இணைக்காவிட்டால் எல்லாம் சரியாக இருந்தும் மோட்டார் அசையாது. எல்298என்-ஐக் கழற்றிவிட்டு இதை மாட்டியவர்களில் பலர் புது மாட்யூல் பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுப்பது இந்த ஒரு வயரால்தான்.

வயர்களும் மாற வேண்டும். பிரெட்போர்டில் செருகும் மெல்லிய ஜம்பர் வயர் சிக்னலுக்குச் சரி, மோட்டார் கரண்ட்டுக்குச் சரியில்லை. வயரின் தடையைவிட அதன் செருகு முனைகளும் பிரெட்போர்டின் தளர்ந்த கவ்வல்களுமே அதிகம் கெடுக்கும். பேட்டரியிலிருந்து டிரைவர் வரையும் டிரைவரிலிருந்து மோட்டார் வரையும் 0.5 சதுர மி.மீ. வயரைச் சால்டர் செய்துவிடுவது நல்லது. கிரவுண்டு வயர்கள் பேட்டரியின் எதிர் முனைக்கு அருகே ஒரே புள்ளியில் கூட வேண்டும். மோட்டார் கரண்ட் ஊனோவின் கிரவுண்டு வழியாகத் திரும்பினால் சென்சார் பார்க்கும் பூஜ்யமே மேலும் கீழும் ஆடும்.

சால்டர் செய்யும்போது பி.ஓ. மோட்டாரின் பின்னால் உள்ள செப்புக் காதுகள் மிக மெல்லியவை. இரண்டு மூன்று முறை வளைந்தால் ஒடிந்துவிடும், அதோடு மோட்டாரும் குப்பைதான். 25 வாட் இரும்பு, 0.8 மி.மீ. சால்டர், மூன்று வினாடிக்குள் வேலை முடிய வேண்டும். நேரம் கூடினால் காதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் இளகும். சால்டர் ஆனதும் வயரை மோட்டார் உடம்போடு கேபிள் டையால் கட்டிவிட்டால் இழுப்பு காதுக்குப் போகாது.

கடைசியாகப் புரோகிராமில் ஒரு சிறு மாற்றம். நின்ற நிலையிலிருந்து பிடபிள்யூஎம் மதிப்பை (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை 0 முதல் 255 வரை கூட்டிக் குறைக்கும் எண்) ஒரேயடியாக 180-க்கு ஏற்றாமல், 10 மில்லிவினாடிக்குப் பத்து எனக் கூட்டினால் 180 மில்லிவினாடியில் அங்கே போய்விடும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. பேட்டரிக்குத் தெரியும்.

முதல் குறை போனதும் எழுந்த இரண்டாவது

மாற்றங்களுக்குப் பிறகு மும்மினுக்கல் தெரியவில்லை. வண்டி உதறவில்லை. ஆனால் முதல் வளைவிலேயே கோட்டை விட்டு வெளியே பாய்ந்துவிடுகிறது. முன்பாவது ஒரு சாண் தூரம் கோட்டில் நின்றதே என்று தோன்றும். நல்ல பேட்டரி போட்டு வண்டி மோசமானது போல இருக்கும் இந்தக் கட்டத்தில்தான் பலர் பழைய அமைப்புக்குத் திரும்பிப் போகிறார்கள். போகத் தேவையில்லை.

மோட்டார் இப்போது உண்மையாகவே 6 வோல்ட்டில் ஓடுகிறது. நிமிடத்துக்கு 200 சுற்று, 65 மி.மீ. சக்கரம் என்றால் வினாடிக்கு 68 செ.மீ. அளவு. கிட்டோடு வந்த மாதிரிப் புரோகிராமில் கட்டளைகள் ஒரு முறை ஓடி முடியும் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் 50 மில்லிவினாடி தாமதம் ஒன்று எழுதியிருந்தது. அந்த 50 மில்லிவினாடியில் வண்டி 3.4 செ.மீ. ஓடிவிடும். டேப்பின் அகலமே 19 மி.மீ. கண்ணை மூடிக்கொண்டு ஓடும் தூரம் கோட்டின் அகலத்தைவிட அதிகம். பழைய பேட்டரி மோட்டாரை மெதுவாக்கியிருந்ததால் இந்தத் தவறு இத்தனை நாள் மறைந்திருந்தது. தாமதத்தை 5 மில்லிவினாடி ஆக்கினால் ஒரு சுற்றுக்கு 3.4 மி.மீ. மட்டுமே. முற்றாக எடுத்துவிட்டாலும் தவறில்லை.

இன்னொரு பிழை சென்சார்களின் இடைவெளியில். மூன்றும் நடுவுக்கு நடு 25 மி.மீ. தள்ளித் தள்ளி இருந்தன. 19 மி.மீ. டேப் இரண்டு சென்சாருக்கு நடுவே வந்துவிட்டால் 6 மி.மீ. அகலத்துக்கு எந்தச் சென்சாருக்கும் கோடு தெரியாது. கோடு வண்டிக்கு அடியிலேயே இருக்கும்போது “கோடு இல்லை” என்று மூன்றும் சொல்லும். 15 மி.மீ. இடைவெளியாகக் குறைத்தால் அந்தக் குருட்டுப் பகுதி போய்விடும். கூடவே ஒரு லாபம்: டேப் ஒரே நேரத்தில் இரண்டு சென்சாருக்கு அடியில் வர முடியும் என்பதால் இடம் மட்டும், இடமும் நடுவும், நடு மட்டும், நடுவும் வலமும், வலம் மட்டும் என்று ஐந்து நிலைகள் கிடைக்கின்றன. அவற்றுக்கு -2 முதல் +2 வரை எண் கொடுத்து, இரு மோட்டாரின் வேகத்திலும் அந்த எண்ணுக்கு ஏற்பக் கூட்டிக் கழித்தால் வண்டி வெட்டி வெட்டித் திரும்புவது நிற்கும். மூன்றும் வெள்ளை என்று சொன்னால் நிறுத்தக் கூடாது. கோட்டைக் கடைசியாகப் பார்த்தது எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே திரும்பிக்கொண்டிருக்க வேண்டும்.

சென்சாரின் உயரம் பற்றி ஒரு வார்த்தை. இந்த மாட்யூல்களில் உள்ள டிசிஆர்டி5000 சென்சார் கூர்மையாகப் பார்ப்பது 2.5 மி.மீ. தூரத்தில். தரை முழுச் சமமாக இருக்காது என்பதால் 3 முதல் 5 மி.மீ. வைப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். எல்இடி எரிகிறதா என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. கைபேசியின் முன்பக்கக் கேமராவில் பார்த்தால் மங்கலான ஊதாப் புள்ளியாகத் தெரியும். வெயில் நேராக விழும் ஜன்னலோரத்தில் எந்தத் திருகலும் எடுபடாது, ஏனென்றால் வெயிலிலும் அகச்சிவப்பு நிறைய இருக்கிறது. சென்சார்களைச் சுற்றிப் பாவாடை போல ஒரு மறைப்பு ஒட்டலாம். கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிவதெல்லாம் அகச்சிவப்புக்குக் கறுப்பு அல்ல. சில மார்க்கர் மைகளும் சில இங்க்ஜெட் அச்சுக் கறுப்புகளும் சென்சாருக்கு வெள்ளையாகவே தெரியும். கோட்டுக்குக் கறுப்பு இன்சுலேஷன் டேப் போல நம்பகமானது வேறில்லை.

பேட்டரி இறங்க இறங்க

எல்லாம் சரியான பிறகும் ஒரு மாற்றம் தெரியும். சார்ஜ் நிறைந்திருக்கும்போது வளைவில் லேசாக ஆடும் வண்டி, அரை மணி நேரம் ஓடிய பிறகு அதே வளைவைச் சோம்பலாக எடுக்கும். பிடபிள்யூஎம் எண் மாறவில்லை, பேட்டரியின் வோல்டேஜ் மாறிவிட்டது. மேலும் இந்த மோட்டார் 6 வோல்ட்டுக்கானது. 8.4 வோல்ட்டை முழுதாகக் கொடுத்தால் பிரஷ் சீக்கிரம் தேயும்.

இரண்டுக்கும் தீர்வு ஒன்றே. பேட்டரியின் நேர் முனைக்கும் கிரவுண்டுக்கும் குறுக்கே 10 கிலோஓம் தடை இரண்டைத் தொடராக வைத்து, நடுப்புள்ளியை ஊனோவில் வோல்டேஜை அளக்கும் ஏ0 முனைக்குக் கொடுக்க வேண்டும். 8.4 வோல்ட் அங்கே 4.2 ஆக வரும், சிப்புக்கு ஆபத்தில்லை. மோட்டாருக்கான உச்ச பிடபிள்யூஎம் மதிப்பு, 255-ஐ 6-ஆல் பெருக்கிப் பேட்டரி வோல்டேஜால் வகுத்தது. நிறைந்த பேட்டரிக்கு அது 182, 6.4 வோல்ட்டுக்கு 239. ஒவ்வொரு சுற்றிலும் கணக்கிட வேண்டியதில்லை, வினாடிக்கு ஒரு முறை அளந்தால் போதும். அதுவும் மோட்டார் கிளம்பும் கணத்தில் அளந்துவிடாமல் எட்டு அளவுகளின் சராசரியை எடுக்க வேண்டும். ஏ0-இல் வரும் சராசரி 655-க்குக் கீழே போனால் ஒரு செல்லுக்கு 3.2 வோல்ட்தான் மிச்சம் என்று பொருள். அப்போது மோட்டார்களை நிறுத்தி எல்இடியை மட்டும் மினுக்கவிடும்படி எழுதிவிட்டால், வண்டி நடுவழியில் நிற்கும்போது காரணம் பேட்டரியா வேறு ஏதாவதா என்று தேட வேண்டியிருக்காது.